வெயிலும் மூளையின் கொழுப்பும்

இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு

உயிர்கள் வாழ்வதற்கு இன்றியமையாதவை காற்று, நீர், உணவு ஆகிய மூன்றும் என்று நாம் தொடக்கப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவ்வரிசையில் நான்காவதாக வெயிலையும் சேர்த்தல் வேண்டும் என்பது என் எண்ணம். வெயில் பயிருக்கு வேண்டும், உப்பளத்திற்கு வேண்டும், நெல் உலர்த்த வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் மனிதனின் எலும்புக்கும், ஏன், மூளைக்கும்கூட வெயிலோடு தொடர்பு உண்டு என்றால் பலர் வியப்படைவர்.

எங்கள் ஊராகிய கலசப்பாக்கம் செய்யாற்றின் கரையில் உள்ளது. ஆண்டுதோறும் ரதசப்தமி நாளில் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இங்கே எழுந்தருளி, ஆற்றில் தீர்த்தவாரி கொள்கிறார். ரதசப்தமி கதிரவனுக்கு உரிய நாள். எருக்கிலையைத் தலையில் வைத்துக்கொண்டு நீராடுவது வழக்கம். அந்த ஒரு நாள் கதிரவனைப் போற்றும் மக்களுள் பட்டு நெய்யும் குடும்பத்தாரும் உண்டு. அவர்களோ ஆண்டின் மற்ற நாட்களில் பகல் வெயிலைக் காண்பது அரிது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலையை நெய்யும் தறி, வீட்டின் உட்பகுதியில் குழிக்குள் அமைந்திருக்கும். பட்டு நூலில் நேர் வெயில் படக்கூடாது. ஆகவே சாளரமும் சிறியது. காலையில் குழியில் காலை வைத்தவர், நாடாவை விட்டு எழுவது உச்சிச் சோற்றுக்கு. மீண்டும் எழுவது விளக்கு வைத்த பிறகு. எங்கள் வீட்டிலும் இதே நடைமுறைதான்.

ஆரணியில் வாழ்க்கைப்பட்டுள்ள என் அக்காவும் தறியில் அமர்பவர். இரண்டாவது குழந்தை பிறந்த பின்னர் அவருக்கு இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் டி மிகவும் குறைவாக இருப்பதாகக் கூறி, வாரத்திற்கு ஒன்றாகக் கரைத்துக் குடிக்கும் பொடி எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் வலி தணிந்தது. அப்பொழுது அக்கா என்னிடம், "தம்பி, இது மூளைக்கும் நல்லதாமே! பையன் பத்தாவது படிக்கிறான், அவனுக்கும் வாங்கிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. வைட்டமின் டிக்கும் மூளையில் நிகழும் கொழுப்பின் வளர்சிதை மாற்றத்திற்கும் உள்ள உறவு என்ன, அதில் உறுதியானது எது, உறுதியாகாதது எது என்பதை இயன்றவரை எளிமையாகக் கூற முயல்கிறேன்.

கதிரவன் தரும் சத்து:

மற்ற வைட்டமின்களுக்கும் வைட்டமின் டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மற்றவற்றை நாம் பெரும்பாலும் உணவிலிருந்தே பெற வேண்டும். வைட்டமின் டியை நம் தோலே செய்துகொள்ளும். அதற்கு வெயில் மட்டும் வேண்டும். 1919ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், எலும்பு வளைந்த குழந்தைகளின் உடலில் புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியைப் பாய்ச்சி அந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். 1922இல் அமெரிக்க அறிஞர் மெக்காலம், மீன் எண்ணெயில் ரிக்கெட்ஸ் நோயைத் தீர்க்கும் தனிப்பொருள் ஒன்று இருப்பதைக் கண்டார். அதுவே வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது. இத்தகைய பொருள்களின் வேதியியலை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் வின்டாஸ் 1928ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

தோலில் 7-டிஹைட்ரோ கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உள்ளது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களுள் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவை அதன்மீது பட்டால், அதன் வளையங்களுள் ஒன்று உடைந்து திறக்கிறது. பின்னர் உடற்சூட்டினாலேயே அது வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. அது இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து அங்கே ஒரு மாற்றமும், பிறகு சிறுநீரகத்தை அடைந்து இன்னொரு மாற்றமும் பெறுகிறது. இவ்விரண்டாம் மாற்றத்திற்குப் பின்னரே அது முழு ஆற்றலும் பெற்ற ஹார்மோன் ஆகிறது. மருத்துவர் இரத்தத்தில் அளப்பது கல்லீரலில் உண்டாகும் இடைநிலைப் பொருளையே. அதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்வர்.

இங்கே நாம் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 7-டிஹைட்ரோ கொலஸ்டிரால் ஒரு கூட்டுரோடு போன்றது. வெயில் பட்டால் அது வைட்டமின் டியாகும் வழியில் செல்கிறது. வெயில் படாவிட்டால், ஒரு நொதியின் செயலால், அடுத்த படியிலேயே கொலஸ்டிராலாக மாறிவிடுகிறது. வைட்டமின் டியும் கொலஸ்டிராலும் ஒரே தாயின் இரு பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது. வைட்டமின் டிக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூளை ஒரு கொழுப்புக் களஞ்சியம்:

கொழுப்பு என்றாலே தொந்தியும் மாரடைப்பும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உடலில் கொழுப்பு மிகுந்த உறுப்புகளுள் ஒன்று மூளை. நீரை நீக்கிவிட்டு எடை போட்டால் மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பே. உடல் எடையில் மூளை ஏறக்குறைய 100இல் 2 பங்குதான். ஆனால் உடலிலுள்ள கொலஸ்டிராலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மூளையில் இருக்கிறது.

அதன் பெரும்பகுதி மயலின் உறையில் உள்ளது. நரம்பிழையைச் சுற்றி அடுக்கடுக்காகச் சுற்றப்பட்ட கொழுப்புப் போர்வையே மயலின். நம் பகுதியினருக்கு இதை விளக்குவது எளிது. பட்டு இழையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றியது சரிகை. அதுபோல நரம்பிழையை நடுவில் வைத்துச் சுற்றப்பட்டது மயலின். சரிகை அழகுக்காக, மயலினோ வேகத்திற்காக. மயலின் இல்லாத மெல்லிய நரம்பில் செய்தி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும். மயலின் உள்ள பருத்த நரம்பில் 100 மீட்டர் வரை பாயும். இந்தச் சரிகை சுற்றும் தொழிலாளிகளாக மூளையில் ஒலிகோடென்ட்ரோசைட் என்னும் செல்கள் உள்ளன.

இவ்வளவு கொலஸ்டிராலும் எங்கிருந்து வருகிறது? நாம் உண்ணும் நெய்யிலிருந்தோ முட்டையிலிருந்தோ வருவதில்லை. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு, இரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலை உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே செய்துகொள்கிறது. மிஞ்சியதை அப்படியே வெளியேற்றவும் இயலாது. ஆகவே ஒரு நொதி அதைச் சற்றே மாற்றி, தடுப்பைத் தாண்டக்கூடிய வடிவில் இரத்தத்திற்கு அனுப்புகிறது. நாளொன்றுக்கு 6 அல்லது 7 மில்லிகிராம் மட்டுமே இவ்வாறு வெளியேறுகிறது. இதற்கு மாறாக, மீனிலும் தாய்ப்பாலிலும் உள்ள டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலத்தை மூளை வெளியிலிருந்து பெற்றே ஆகவேண்டும். அதை மூளைக்குள் ஏற்றிச் செல்லும் புரதம் எது என்பதை 2014ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

ஆகவே மூளையின் கொழுப்பு என்பது ஒரு முறை பூசிவிட்டு மறந்துவிடும் சுண்ணாம்புப் பூச்சு அன்று. செய்தல், சேர்த்தல், பிரித்தல், வெளியேற்றல் ஆகிய நான்கு பணிகளும் அங்கே இரவும் பகலும் நடைபெறுகின்றன. இவற்றையே மூளையின் கொழுப்பு வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

வேலூர் கண்ட உண்மை:

இந்த நான்கு பணிகளுள் ஒன்று நின்றாலும் என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியதில் நம் மாவட்டத்திற்கும் பங்கு உண்டு. 1989ஆம் ஆண்டு பிரிக்கப்படும் வரை கலசப்பாக்கம், ஆரணி, வேலூர் எல்லாம் வடார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் பச்சாவத் அவர்கள் மூளையின் கொழுப்புகளை ஆராய்ந்து வந்தார். 1962ஆம் ஆண்டு பட்நாகர் பரிசு பெற்றவர் அவர்.

மெட்டாகுரோமேடிக் லூகோடிஸ்ட்ரோபி என்று ஒரு கொடிய நோய் உண்டு. நன்றாகப் பிறந்து, நடை பழகி, மழலை பேசிய குழந்தை, ஓரிரு ஆண்டுகளில் தடுமாறத் தொடங்கும், நடையை இழக்கும், பேச்சை இழக்கும். அக்குழந்தைகளின் மூளையில் சல்ஃபடைடு என்னும் மயலின் கொழுப்பு குவிந்து கிடக்கும். ஏன் குவிகிறது? அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் வேலூரில் பச்சாவத் குழுவினரும் இணைந்து நடத்திய ஆய்வு 1963இல் வெளிவந்தது. சல்ஃபடைடைச் சிதைக்கும் பணியில் ஈடுபடும் ஏரில்சல்ஃபடேஸ்-ஏ என்னும் நொதி அந்நோயாளிகளிடம் மிகவும் குறைந்திருந்தது என்பதை அது காட்டியது. அதாவது கொழுப்பைச் செய்யும் கை நன்றாக இருந்தது. பிரிக்கும் கைதான் முடங்கியிருந்தது.

இந்நோய் பிறவியில் வரும் மரபுக் குறை. வைட்டமின் டி குறைவதால் வருவது அன்று. எனினும் அது கற்பிக்கும் பாடம் நமக்குத் தேவையானது. மூளையின் கொழுப்பில் மிகுதியும் கேடு, குறைவும் கேடு, சமநிலையே வாழ்வு. அந்தச் சமநிலையில் வைட்டமின் டிக்குக் கை உண்டா என்பதே அடுத்த கேள்வி.

மூளைக்குள் வைட்டமின் டி:

ஒரு ஹார்மோன் ஓரிடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அங்கே அதை ஏற்கும் ஏற்பி இருக்க வேண்டும். பூட்டு இருந்தால்தானே சாவிக்கு வேலை! 1982ஆம் ஆண்டு ஸ்டம்ப் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், கதிரியக்கம் ஏற்றிய வைட்டமின் டி ஹார்மோன் எலியின் மூளையில் எங்கெங்கே தங்குகிறது என்று படம் எடுத்துக் காட்டினர். 2005ஆம் ஆண்டு ஐல்ஸ் என்பவரின் குழு, மனித மூளையிலேயே அந்த ஏற்பி பரவலாக இருப்பதைக் காட்டியது. வைட்டமின் டியை முழு ஆற்றல் பெறச் செய்யும் நொதியும் மூளையிலேயே இருந்தது. ஆகவே எலும்புக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட வைட்டமின், மூளைக்கும் உறவினன் என்பது தெளிவாயிற்று.

மூளையின் கொழுப்போடு அது எவ்வாறு தொடர்பு கொள்கிறது? ஆய்வுகள் காட்டும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது வழி, முன்னர்ச் சொன்ன கூட்டுரோடு. 7-டிஹைட்ரோ கொலஸ்டிராலைக் கொலஸ்டிராலாக மாற்றும் நொதி பிறவியிலேயே பழுதுபட்டால், 1964ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் என்னும் நோய் உண்டாகிறது. மூளைக்கு வேண்டிய கொலஸ்டிரால் கிட்டாமல், குழந்தையின் தலை சிறுத்து, அறிவு வளர்ச்சி குன்றுகிறது. அந்த ஒரு நொதி எத்துணை முக்கியமானது என்பதற்கு இதுவே சான்று. செல்லில் கொலஸ்டிரால் மிகுந்தால் அந்த நொதி விரைவாகச் சிதைக்கப்பட்டு, வைட்டமின் டி பக்கம் வழி திறக்கிறது என்பதை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர்.

இரண்டாவது, கொழுப்பு உற்பத்தியின் மேற்பார்வையாளரைக் கட்டுப்படுத்துதல். செல்லில் கொழுப்பு குறைந்தால் எஸ்.ஆர்.இ.பி.பி. என்னும் புரதம் கருவுக்குள் சென்று கொழுப்பு செய்யும் மரபணுக்களை முடுக்கிவிடும். அதை அழைத்துச் செல்லும் துணைப் புரதத்திற்கு ஸ்காப் என்று பெயர். கல்லீரலில் உண்டாகும் அந்த இடைநிலை வைட்டமின் டி, ஸ்காப் புரதத்தைச் சிதையச் செய்து, கொழுப்பு உற்பத்தியைத் தணிக்கிறது என்பதை 2017இல் ஜப்பானின் கியோட்டோ ஆய்வாளர்கள் கண்டனர். இது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் கண்ட உண்மை. மேற்பார்வையாளர் மூளைக்கும் பொதுவானவர். ஆயினும் மூளையில் இதே அளவில் நிகழ்கிறது என்று இதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிடவில்லை.

மூன்றாவது, ஒரே நொதி இரண்டு வேலை செய்தல். சி.ஒய்.பி.27ஏ1 என்னும் நொதி வைட்டமின் டியையும் மாற்றக்கூடியது, கொலஸ்டிராலையும் மாற்றி வெளியேற்ற உதவுவது. இந்நொதி பிறவியிலேயே பழுதுபட்டவர்களுக்குக் கொழுப்புப் பொருள்கள் மூளையிலும் தசைநாண்களிலும் படிந்து, நடை தளர்ந்து, அறிவு மங்குகிறது. வைட்டமின் டியின் பாதையும் கொலஸ்டிராலின் பாதையும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இந்நொதியும் ஒரு சான்று.

நான்காவது, மயலின் சுற்றும் தொழிலாளியை உருவாக்குதல். ஒலிகோடென்ட்ரோசைட் செல்கள் பிறக்கும்போதே தொழில் தெரிந்து பிறப்பதில்லை. முன்னோடிச் செல்களிலிருந்து அவை முதிர்ச்சி பெற வேண்டும். வைட்டமின் டியின் ஏற்பியும், அதன் இணையாகிய ஆர்.எக்ஸ்.ஆர். ஏற்பியும் சேர்ந்து அம்முதிர்ச்சிக்குத் துணை செய்கின்றன என்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. வைட்டமின் டி ஏற்பியைத் தடுத்தபோது முதிர்ச்சி தடைப்பட்டது. ஆளே தேறவில்லை என்றால் தறியில் சேலை எப்படி இறங்கும்?

ஐந்தாவது, கருவிலேயே ஏற்படும் மாற்றம். 2003ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், வைட்டமின் டி இல்லாத உணவு தரப்பட்ட தாய் எலிகள் ஈன்ற குட்டிகளை ஆராய்ந்தனர். குட்டிகளின் மூளை வடிவம் மாறியிருந்தது. மூளையின் உள்ளறைகள் பெருத்திருந்தன. நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதம் குறைந்திருந்தது. தாயின் வெயில் பஞ்சம் பிள்ளையின் மூளையில் பதிகிறது என்பதை இது எச்சரிக்கிறது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

மனிதரில் கண்டது என்ன?

மயலின் உறை சிதையும் நோய்களுள் முதன்மையானது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நிலநடுக்கோட்டை விட்டு விலகி, வெயில் குறைந்த நாடுகளுக்குச் செல்லச் செல்ல இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. நம் நாட்டில் இது குறைவு. அமெரிக்கப் படைத்துறையைச் சேர்ந்த 70 லட்சத்திற்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைக் கொண்டு 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. வெள்ளையரிடையே, இரத்தத்தில் வைட்டமின் டி மிகுந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்புக் குறைந்திருந்தது. 2025ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த ஆய்வில், நோயின் முதல் அறிகுறி தோன்றியவர்களுக்கு மிகுந்த அளவில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தனர். மருந்து பெறாதவர்களுள் 100க்கு 74 பேரிடம் நோய் மீண்டும் தலைகாட்டியது. பெற்றவர்களுள் 60 பேரிடம். வேறுபாடு பெரிதன்று. ஆனாலும் உண்மையான வேறுபாடு.

மறுபக்கத்தையும் பார்த்தல் நேர்மை. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடத்தப்பட்ட வைட்டல் என்னும் பேராய்வில், நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி ஐந்தாண்டுக்கு மேல் கொடுக்கப்பட்டது. மனச்சோர்வு குறையவில்லை என்று 2020இலும், முதியோரின் நினைவாற்றல் தேய்வு குறையவில்லை என்று 2021இலும் முடிவுகள் வெளியாயின. இதைக் கண்டு வைட்டமின் டிக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. அவ்வாய்வில் கலந்துகொண்டவர்களுள் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே போதுமான வைட்டமின் டி உள்ளவர்கள். நிறைகுடத்தில் மேலும் நீர் வார்த்தால் வழிந்துதான் ஓடும். வெறுங்குடத்தின் நிலை வேறு.

என் அக்காவின் கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. குறைபாடு உள்ளவர்க்கு அதை நீக்குதல் கட்டாயம் வேண்டும். குறைபாடு இல்லாத பிள்ளைக்கு நினைவாற்றல் பெருகும் என்று எண்ணிப் பொடி வாங்கிக் கொடுத்தல் வீண் செலவு. அளவு மீறினால் செலவோடு நில்லாது தீங்காகவும் முடியும்.

வெயில் நாட்டில் வெயில் பஞ்சம்:

கலசப்பாக்கத்திலிருந்து வடக்கே திருப்பதி வெகுதொலைவில் இல்லை. அங்கே மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வுகள் நமக்கு மிகவும் பொருந்துவன. 2008இல் வெளிவந்த கணக்குப்படி, நகரத்தில் ஆண்களில் 100க்கு 62 பேருக்கும் பெண்களில் 75 பேருக்கும் வைட்டமின் டி குறைபாடு இருந்தது. கிராமத்தில் ஆண்களில் 44 பேருக்கும் பெண்களில் 70 பேருக்கும் இருந்தது. கழனியில் உழைக்கும் ஆண்கள் ஓரளவு தப்பினர். கிராமத்துப் பெண்களோ நகரத்துப் பெண்களுக்கு மிகவும் மேலான நிலையில் இல்லை. 2000ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஆய்வும் இத்தகையதே. வெட்டவெளியில் பயிற்சி செய்யும் படைவீரர்களிடம் வைட்டமின் டி மிகுந்தும், கட்டடத்திற்குள் பணிபுரியும் மருத்துவர், செவிலியரிடம் குறைந்தும் காணப்பட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1920களின் தொடக்கத்தில் நாசிக் பகுதியில் ஹட்சிசன், ஷா என்னும் இருவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. நல்ல உணவு உண்டும் கோஷா முறையால் வீட்டுக்குள் அடைபட்ட செல்வக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. வெயிலில் திரிந்த ஏழைக் குழந்தைகள் தப்பினர்.

திருப்பதி ஆய்வாளர்கள் மற்றொரு சோதனையும் செய்தனர். சிறு குப்பிகளில் 7-டிஹைட்ரோ கொலஸ்டிராலை அடைத்து வெயிலில் வைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தனர். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே மிகுந்த பயன் தந்தது. காலை இளவெயிலும் மாலை மஞ்சள் வெயிலும் வானில் நெடுந்தூரம் சாய்வாக வருவதால், தேவையான புற ஊதாக் கதிர் வழியிலேயே தங்கிவிடுகிறது.

இதை நெசவாளர் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெருவில் பாவு விரிக்கும் வேலை ஒன்றே அவரை வெளியே கொண்டுவருவது. அதையும் வெயில் ஏறுமுன்னரே முடித்தாக வேண்டும். வெயில் பயன் தரும் வேளையில் அவர் குழிக்குள் இருக்கிறார். இல்லத்தரசி அடுப்படியில் இருக்கிறார். சாளரக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சமும் உதவாது. அந்தப் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். போதாக்குறைக்கு நம் கருநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும்.

உணவிலும் ஒரு சிக்கல் உண்டு. சோறே பெரும்பகுதியாகவும், பாலும் மோரும் கேழ்வரகும் குறைவாகவும் உண்டால் சுண்ணாம்புச்சத்து போதாமல் போகிறது. தானியங்களில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள், இருக்கும் சுண்ணாம்புச்சத்தையும் பிடித்துவைத்துக் கொள்கிறது. சுண்ணாம்புச்சத்து குறைந்தால், உடல் தன்னிடம் உள்ள வைட்டமின் டியையும் விரைவில் செலவழித்துவிடுகிறது. கழனியில் வெயிலில் உழைப்பவருக்கும் குறைபாடு வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நாம் செய்யக்கூடியவை:

முதலில் வெயில். கலசப்பாக்கம் ஏறத்தாழ 12½ பாகை வட அட்சத்தில் உள்ளது. மார்கழியில் கதிரவன் மிகவும் தெற்கே சாய்ந்திருக்கும் நாளிலும், ஐந்தடி உயரம் உள்ளவரின் நடுப்பகல் நிழல் ஏறக்குறைய மூன்றரை அடிதான். நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் பயன் தரும் என்பது எளிய அடையாளம். ஆகவே நமக்கு ஆண்டு முழுவதும் அந்த வெயில் உண்டு. வாரத்தில் பல நாட்கள், உச்சி வேளையில் கால்மணி முதல் அரைமணி நேரம் வரை, கையும் காலும் முகமும் வெயில் படும்படி நடத்தல் நலம். சித்திரைக் கத்திரியில் இதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தோல் எரியும் வரை நிற்கத் தேவையில்லை. நெசவாளர் உச்சிச் சோற்றுக்கு எழும் இடைவேளையே இதற்கு ஏற்ற நேரம்.

அடுத்து உணவு. முட்டையின் மஞ்சள் கருவும், மத்தி போன்ற மீனும் சிறிது வைட்டமின் டி தரும். வைட்டமின் சேர்த்த பாலும் எண்ணெயும் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. கேழ்வரகைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழ் நம் முன்னோர் தந்த நல்லுணவு. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. புளிக்கவைப்பதால் ஃபைட்டேட் குறைகிறது.

மூன்றாவது மருந்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 600 அலகு போதும். மருத்துவர் எழுதித் தரும் 60,000 அலகுப் பொடி வாரம் ஒரு முறைக்கு உரியது. அதுவும் குறித்த வாரங்களுக்கு மட்டுமே. அதை நாள்தோறும் உண்டால் வைட்டமின் டி உடற்கொழுப்பில் தேங்கி, இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவுற்ற பெண்களும் பால் கொடுக்கும் தாய்மாரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் கேட்டே எதையும் உண்ண வேண்டும்.

முடிவுரை:

வைட்டமின் டி இல்லாமல் எலும்பு வளையும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே ஐயமற நிறுவப்பட்டது. மூளையின் கொழுப்பைச் செய்வதிலும், சுற்றுவதிலும், வெளியேற்றுவதிலும் அதற்குத் தொடர்பு உண்டு என்பதைச் செல்களும் எலிகளும் காட்டியுள்ளன. குறைபாடு இல்லாத மனிதனின் அறிவை அது கூர்மையாக்கும் என்பதற்கு மட்டும் சான்று இல்லை. இம்மூன்றையும் பிரித்தறிவதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் நெறி.

மாணவ நண்பர்களே! இந்தக் குறைபாட்டை நீக்கும் முதல் மருந்துக்கு விலை இல்லை. வரிசையில் நிற்கவும் வேண்டாம். தெருவில் இறங்கினால் கிடைக்கிறது. அதைப் பெற இயலாதவாறு இருட்டில் அமர்ந்து உழைப்பவர் நம் தாய் தந்தையர். நாம் கல்லூரியில் கற்றதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். என் அக்கா பையனுக்குப் பொடி வாங்கவில்லை. உச்சி வேளையில் தறியை நிறுத்திவிட்டு, கைக்குழந்தையோடு சிறிது நேரம் வாசலில் உட்காருகிறார். ஒவ்வொரு நெசவாளர் வீட்டிலும் இவ்வழக்கம் பரவுமாயின் அதுவே நம் கல்விக்குப் பயன்.